புங்க மரத்துக்கு மூச்சு முட்டிய கதை

உயிரியலில் கற்பிக்கச் சுலபமானது எது என்று கேட்டால், சுழற்சிகள் என்பேன். ஒரு வட்டம் போட்டு, அங்கங்கே அம்புக்குறி வைத்து, அம்புக்குறிக்கு மேல் ஒரு பெயர் எழுதிவிட்டால் பாடம் முடிந்தது. கார்பன் சுழற்சி, நைட்ரஜன் சுழற்சி, சிட்ரிக் அமிலச் சுழற்சி எல்லாமே பலகையில் வட்டம்தான். அம்பத்தூரில் ஒரு பயிற்சி மையத்தில் இந்த வட்டங்களைப் போட்டுத்தான் நான் குடும்பம் நடத்துகிறேன். பிள்ளைகளும் சமர்த்தாக அதே வட்டத்தைத் திருப்பிப் போட்டு முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். வட்டத்துக்கு வெளியே ஏதாவது சொல்ல வாயெடுத்தால், இது பரீட்சைக்கு வருமா என்று கேட்பார்கள். வராது என்றால் பேனாவை மூடி வைத்துவிடுவார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் வளர்ந்து அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் செயலாளர் ஆகும்போதுதான் கோபம் வருகிறது.

நாங்கள் இருப்பது அயனம்பாக்கத்தில், ஏரிக்குப் பக்கத்தில். ஏரிக் காற்று வீசும் இல்லங்கள் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். காற்றோடு கொசுவும் வரும் என்பதை அதில் போடவில்லை. கட்டடம் எழும்புவதற்கு முன்பிருந்தே அந்த மனையில் நின்ற ஒரே உயிர், கேட்டுக்கு உள்ளே வலது பக்கம் இருக்கும் புங்க மரம். கட்டியவர் அதை வெட்டாமல் விட்டது கருணையால் அல்ல. விற்பனைப் படத்தில் பச்சையாக ஏதாவது காட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்த மரத்தடியில்தான் இஸ்திரி அம்மாவின் வண்டி நின்றது. மேனாம்பேட்டிலிருந்து வருவார். அவருடைய மாமியார் வீட்டார் இந்தப் பக்கத்து வயல்களில் நாற்று நட்டவர்கள். இவருக்கு நாற்றும் தெரியாது, நட்டதைப் பற்றிய ஏக்கமும் கிடையாது. வீட்டுக்காரர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். இவர் கரிப்பெட்டியைத் தூக்கி எங்கள் எல்லோருடைய சட்டைகளையும் மனிதர்கள் போடுகிற மாதிரி ஆக்கிக் கொடுத்தார். குடியிருப்போர் சங்கம் அவரைக் கேட்டுக்குள் விட்டதற்கு ஒரே காரணம், மரத்தடியில் யாரும் காரை நிறுத்தமாட்டார்கள் என்பது. மேலே காக்கை உட்கார்ந்திருக்கும், இலையும் பூவும் விழும். மரம் நிற்கிறவரை அந்த இடம் அவருடையது. மரம் போனால் மறுநாளே அங்கே வெள்ளைக்கோடு போட்டு 'விருந்தினர் பார்க்கிங்' என்று எழுதிவிடுவார்கள். இது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

தினமும் காலையில் அவர் பெட்டியிலிருந்து சாம்பலைத் தட்டி மரத்தின் காலடியில் கொட்டுவார். அங்கேயே உதிர்ந்த இலைகள் மக்கிக் கிடக்கும். மக்கிய இலையிலிருந்து உப்புகள் மண்ணுக்குப் போகும், மண்ணிலிருந்து வேருக்கு, வேரிலிருந்து மறுபடி இலைக்கு. நான் வகுப்பில் போடுகிற வட்டம் அங்கே யாரும் போடாமலே ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் செயலாளர் கண்ணுக்கு அது குப்பையாகத் தெரிந்தது.

செயலாளர் ஐ.டி. கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எதையும் துடைத்துவைக்க வேண்டும் என்ற வியாதி மட்டும் உண்டு. ஒரு மழைக்காலம் முடிந்ததும், லிஃப்டுக்குள் சேறு வருகிறது, அதனால் வளாகம் முழுக்கக் கான்கிரீட் போட்டு மேலே பார்க்கிங் டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று பேஸ்மென்ட்டில் கூட்டம் கூட்டினார். மரத்தைச் சுற்றி இருக்கும் மண்ணும் அதில் அடக்கம்.

நான் எழுந்து, அடிமரம்வரை மூடினால் மரம் செத்துவிடும், வேர் சுவாசிக்க வேண்டும் என்றேன். செயலாளர் பரிவோடு சிரித்தார். செடி கார்பன் டை ஆக்சைடை உள்ளே எடுத்து ஆக்சிஜனை வெளியே விடுகிறது, அதற்கு எதற்கு ஆக்சிஜன் என்று கேட்டார். அது வெளிச்சத்தில் பச்சை இலை செய்கிற வேலை என்றேன். வேர் இருட்டில் இருக்கிறது, அதற்குப் பச்சையம் கிடையாது. இலை தயாரித்து அனுப்புகிற சர்க்கரையை உடைத்துத்தான் அது உயிர் வாழ்கிறது. உடைக்க ஆக்சிஜன் வேண்டும், நமக்கு வேண்டியிருப்பதைப் போலவே. அந்தக் காற்று மண்துகள்களின் இடைவெளியில்தான் இருக்கிறது. இவ்வளவையும் நான் நிதானமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அருகில் இருந்தவர்கள் நான் கத்தியதாகச் சொல்கிறார்கள்.

செயலாளருக்கு முகம் சிவந்தது. "பிளஸ் டூவுல பயாலஜில நான் சென்டம் சார். எனக்கே கிளாஸ் எடுக்காதீங்க," என்றார். சென்டம் என்பதை யாரும் சந்தேகப்படக் கூடாதல்லவா, உடனே நிரூபித்தும் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு, சிட்ரிக் அமிலம், ஐசோசிட்ரிக் அமிலம், ஆல்ஃபா கீட்டோகுளுட்டாரிக் அமிலம், சக்சினைல் கோ-ஏ, சக்சினிக் அமிலம், ஃபியூமரிக் அமிலம், மாலிக் அமிலம், ஆக்சலோஅசிட்டிக் அமிலம் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தார். ஒரு பெயர் பிசகவில்லை, வரிசை மாறவில்லை. பேஸ்மென்ட்டே கைதட்டியது. மூன்றாம் மாடி அம்மா கைபேசியில் படம் பிடித்து, தன் மகனுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்.

அவர் ஒப்பித்த அத்தனையும் அந்த நிமிஷம் எங்கள் தலைக்கு மேலே, அந்த மரத்தின் ஒவ்வொரு வேர் நுனியிலும் நடந்துகொண்டிருந்தது. ஆக்சிஜன் போகாவிட்டால் அந்த வட்டம் நின்றுவிடும் என்பதும் அதே பாடத்தில், அதே பக்கத்தில் இருக்கிறது. அந்த வரியைப் பரீட்சையில் கேட்கவில்லை போலிருக்கிறது. கைதட்டல் ஓய்வதற்குள் தீர்மானம் நிறைவேறியது.

தை மாதம் வேலை நடந்தது. மட்டம் சரியாக வரவில்லை என்று மேலே ஓடிய வேர்களை வெட்டினார்கள். கான்கிரீட் கொட்டி, டைல்ஸ் ஒட்டி, மரத்தின் வளைவுக்கு ஏற்ப டைல்ஸை அறுத்து, இடுக்குகளில் வெள்ளை சிமென்ட் அடைத்தார்கள். ஃபினிஷிங் பிரமாதம் என்று செயலாளர் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னார். ஊசி நுழைய இடமில்லாமல் செய்திருந்தார்கள், அது உண்மைதான்.

இஸ்திரி அம்மாவுக்கும் டைல்ஸ் பிடித்திருந்தது. வண்டிச் சக்கரம் சேற்றில் புதைவதில்லை, விழுந்த துணியில் மண் ஒட்டுவதில்லை. நான் வேர், சுவாசம் என்று ஆரம்பித்ததும் சிரித்துவிட்டார். "மரம் இன்னா சார், கீழ மூக்கு வெச்சிகினா கீது?" என்று கேட்டுவிட்டு என் பேன்ட்டைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தார். ஆக, எனக்கு அந்த வளாகத்தில் ஒரு ஆதரவு ஓட்டுகூட இல்லை.

சாம்பல் கொட்டத் தடை வந்தது. இலைகளைத் தினமும் பெருக்கிக் கறுப்புப் பைகளில் கட்டிக் குப்பை வண்டிக்கு அனுப்பினார்கள். அந்தப் பங்குனியில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அடுத்த பங்குனியில் தெரிந்தது. புங்கம் வழக்கமாக இலை உதிர்த்த கையோடு பளபளவென்று தளிர்த்துவிடும், கோடைக்கு முன்பே நிழல் தயாராக இருக்கும். இந்த முறை உதிர்த்தது, தளிர்க்கவில்லை. அங்கங்கே மஞ்சளாகக் கொஞ்சம் இலை வந்து, நுனி கருகி நின்றுவிட்டது. நிழலில் பெரிய பெரிய ஓட்டைகள். இஸ்திரி அம்மா மிச்சமிருந்த நிழலைத் துரத்திக்கொண்டு வண்டியைக் காலையில் ஒரு பக்கம், மதியம் ஒரு பக்கம் என்று தள்ளிக்கொண்டிருந்தார்.

மரத்துக்குச் சத்துக் குறைவு என்று சங்கம் கண்டுபிடித்தது. கடையிலிருந்து மூட்டை மூட்டையாக இயற்கை உரம் வந்தது. மூட்டையின் மேல் பச்சை இலை படம் போட்டு, உதிர்ந்த இலைகளிலிருந்து தயாரித்தது என்று பெருமையாக அச்சடித்திருந்தது. எங்கள் மரத்தின் இலையைக் கட்டி வெளியே அனுப்பிவிட்டு, ஊர் பேர் தெரியாத மரத்தின் இலையை உள்ளே வரவழைத்திருந்தோம். வாட்ச்மேன் அதை அடிமரத்தைச் சுற்றி டைல்ஸ் மேல் அழகாகக் கொட்டினார். வேறு எங்கே கொட்டுவார், மண்தான் இல்லையே. மறுநாள் காலை பெருக்க வந்த பெண், குப்பை சேர்ந்துவிட்டது என்று ஹோஸ் பைப்பால் அடித்துக் கழுவிவிட்டுப் போனார். கழுவிய தண்ணீர் நேராகத் தெருச் சாக்கடைக்குப் போனது. இதே கூத்து அடுத்தடுத்த வாரங்களிலும் நடந்தது, உரம் போட்டும் மரம் தேறவில்லையே என்று செயலாளர் வருத்தப்பட்டார்.

சித்திரையில் ஒரு காய்ந்த கிளை முறிந்து விழுந்தது. விழ எத்தனையோ இடம் இருந்தும், டைல்ஸ் போட்டபின் மரத்தையொட்டி நிற்க ஆரம்பித்திருந்த செயலாளரின் கார் மேலேயே விழுந்தது. மரம் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது என்று அப்போது நினைத்தேன், ஆனால் அதுவே அதற்கு வினையாகிவிட்டது. மரத்தை வெட்டுவது என்று முடிவெடுத்தார்கள். இஸ்திரி அம்மாவிடம் மாசக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். துணி தேய்க்க இப்போது ஆப் வந்துவிட்டது, வீட்டு வாசலுக்கே வந்து எடுத்துப் போகிறார்கள் என்று செயலாளர் எங்களுக்கு ஆறுதல் சொன்னார்.

அன்று மாலை துணி வாங்கப் போனேன். இஸ்திரி அம்மா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"மின்ன மெயின் ரோட்டாண்ட நின்னேன், ரோடு போட்றேன்னு தொர்த்திட்டாங்கோ. இங்க வந்தேன். இதுவும் போச்சின்னா எங்க சார் போவேன்? வெயில்ல நின்னுகினு கரிப்பொட்டி தூக்க முடியுமா? நீயே சொல்லு," என்றார்.

பலகை இருந்தால் ஏதாவது வட்டம் போட்டுக் காட்டியிருப்பேன். துணியை வாங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மரம் வெட்ட ஆட்கள் வந்தபோது, அடிமரத்தில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் அப்பி, ஒரு எலுமிச்சம்பழமும் வைத்திருந்தது. யார் வைத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. இஸ்திரி அம்மா மட்டும் அன்றைக்கு வழக்கத்தைவிட அக்கறையாக, தலை நிமிராமல் ஒரு சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருடைய விரல் நகங்கள் மஞ்சளாக இருந்ததை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அறுக்க வந்தவர் ரம்பத்தை வண்டியில் போட்டுவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அம்மன் என்றால் வேம்பில்தானே இருப்பாள், புங்கத்தில் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் எல்லோருமே கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று அயனம்பாக்கத்தில் குடியேறியவர்கள்தானே. அம்மனும் காலியாக இருந்த இடத்தில் வந்திருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டோம். அந்த வாரமே ஒரு வீட்டுக்கு விசா வந்தது, இன்னொரு வீட்டில் பெண்ணுக்கு வரன் அமைந்தது. வாட்ஸ்அப் குழுவில் கும்பிடும் கைகளாக வந்து குவிந்தன. மரத்தை வெட்டும் பேச்சை எடுத்ததற்கே செயலாளர் ஒரு தேங்காய் உடைத்துப் பரிகாரம் செய்தார்.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் அந்த அம்மனுக்கு ஆயுசுக்கும் நன்றி சொல்லியிருப்பேன். ஆனால் பக்தி வந்தால் எங்கள் சங்கத்துக்குக் கைகால் சும்மா இருக்காது. டைல்ஸ் மேலேயே மரத்தை ஒட்டிக் கிரானைட்டில் பீடம் கட்டுவது என்று முடிவானது. முன்பு அடைத்தது போதாதென்று இன்னொரு மூடி. கூடவே, சாமி இருக்கிற இடத்தில் கரி, சாம்பல், ஊரார் போட்ட துணி எல்லாம் கூடாது என்று ஒரு குரல் எழுந்தது. இஸ்திரி வண்டியைக் கேட்டுக்கு வெளியே, தெருவுக்கு எதிர்ப்பக்கம் தள்ளி நிறுத்தினார்கள். அங்கே நிழல் என்று பார்த்தால் ஒரு மின்கம்பத்தின் நிழல்தான் உண்டு.

"நான் கூட்டியாந்த சாமி சார். என்னியே வெளிய அனுப்பிடிச்சி," என்றார் இஸ்திரி அம்மா. தலையில் ஈரத் துண்டு போட்டிருந்தார். முகம் கறுத்துப் போயிருந்தது.

பீடம் கட்டினால் இந்த ஆடியைக்கூட மரம் தாண்டாது, வேருக்குக் காற்று போகவில்லை என்று நான் மறுபடி ஆரம்பித்தேன். அவர் இந்த முறை சிரிக்கவில்லை. "நீ வேருன்னு சொன்னா எவன் சார் கேக்கறான்? சாமி சொன்னா கேப்பான்," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் நான் பாடத்தைத் தப்பாக நடத்தவில்லை, தப்பான ஆளின் பெயரில் நடத்திக்கொண்டிருந்தேன் என்று புரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு போனேன். என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உடம்புக்கு என்ன என்று கேட்டாள்.

கூட்டத்தில் எழுந்து, அம்மன் என் கனவில் வந்தாள் என்றேன். அவளுக்கு மூச்சு முட்டுகிறதாம். காலடியில் மண் தெரிய வேண்டுமாம், அதில் காற்று நுழைய வேண்டுமாம். தான் உதிர்க்கிற இலை தன் காலடியிலேயே கிடந்து மக்க வேண்டுமாம், அதை யாரும் வெளியே எடுத்துப்போகக் கூடாதாம். கனவு மட்டும்தான் பொய். மற்றதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

உடனே கேள்விகள் வந்தன. மண் எவ்வளவு அகலம் தெரிய வேண்டும் என்றார் செயலாளர். கிளைகள் பரவியிருப்பதில் பாதி அளவுக்காவது என்றேன். தண்ணீர் எப்போது விடலாம், இலையை அப்படியே விடுவதா பரப்பிவிடுவதா, செருப்புக் காலோடு மண்ணை மிதிக்கலாமா என்றெல்லாம் கேட்டார்கள். மிதிக்கவே கூடாது, மண் இறுகிவிடும், அம்மனுக்கு ஆகாது என்றேன். இத்தனை வருஷத்தில் எந்த வகுப்பிலும் வேரின் சுவாசத்தைப் பற்றி இவ்வளவு கேள்விகளை நான் சந்தித்ததில்லை. மூன்றாம் மாடி அம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தச் சூட்டோடு சூடாக, கனவில் இன்னொன்றும் சொன்னாள் என்றேன். என் நிழலில் நின்று பிழைத்தவளை வெயிலில் தள்ளாதீர்கள், அவளை உள்ளே கூப்பிடுங்கள் என்றாளாம்.

செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சார், இது கனவுல வந்ததா, நீங்களா சேர்த்தீங்களா?" என்றார்.

அதுவரை அந்தக் கூட்டத்தில் யாருக்கும் வராத சந்தேகம் அப்போதுதான் வந்தது. சாமி வேறு, பார்க்கிங் வேறு என்றார் ஒருவர். வெளியாள் நடமாட்டம் பாதுகாப்புப் பிரச்சினை என்றார் இன்னொருவர். அம்மன் இவ்வளவு விவரமாகப் பேசுவாளா என்று மூன்றாம் மாடி அம்மாவும் பேனாவை மூடி வைத்துவிட்டார். கனவில் வந்ததுதான் என்று சத்தியம்கூடச் செய்தேன், பலனில்லை. அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று கூட்டத்தை முடித்தார்கள். இன்றுவரை பேசவில்லை.

டைல்ஸை மட்டும் மறுநாளே உடைத்தார்கள், பீடத்தையும் கைவிட்டார்கள். கான்கிரீட்டைப் பெயர்த்தபோது கீழே மண் கறுத்து, புளித்த வாடையோடு இருந்தது. புது மண் கொட்டினார்கள். சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். உதிர்ந்த இலைகள் பிரசாதமாகிவிட்டதால் துடைப்பம் அந்தப் பக்கமே போவதில்லை. ஆடி மழை பெய்தது, ஆவணியில் தளிர் வந்தது. தெற்குப் பக்கக் கிளை ஒன்று போனது போனதுதான், மற்றவை பிழைத்துக்கொண்டன. செயலாளர் இப்போது விருந்தாளிகளைக் கூட்டிவந்து, வேர் சுவாசிக்கும் விதத்தை அமிலங்களோடு சேர்த்து விளக்குகிறார். அவர் சொல்வது எல்லாமே சரி. நான் ஒதுங்கிப் போய்விடுகிறேன்.

போன வாரம் துணி கொடுக்கத் தெருவைக் கடந்து போனேன். மதிய வெயில். மின்கம்பத்தின் நிழல் அவர் தோளுக்குக்கூடப் போதவில்லை. தளிர்த்து நிற்கும் மரத்தை அங்கிருந்தே நன்றாகப் பார்க்க முடிந்தது. கும்பிட வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவைக்க ஒரு ஸ்டாண்ட் வாங்கி, வேலிக்கு வெளியே, அவருடைய வண்டி நின்ற அதே இடத்தில் வைத்திருந்தார்கள். நல்ல அடர்த்தியான நிழல் அதன் மேல் விழுந்திருந்தது. உள்ளே விடச் சொல்லி நான் கேட்டதையும், அவர்கள் நம்ப மறுத்ததையும் அவரிடம் அப்போதுதான் முழுதாகச் சொன்னேன்.

அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அந்த ஸ்டாண்டையே பார்த்தார்.

"செருப்புக்கு நெயலு கீது. அப்ப நானும் மேலுக்கு மஞ்சத் துணி கட்டிகினு நின்னாத்தான் என்னிய உள்ள வுடுவாங்களா சார்?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்துக்கொண்டு நின்றார்.